மறுவாழ்வு மையத்திலிருந்து தம்பி நேராக வீட்டுக்கு வரலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 23 வயது. பாலிடெக்னிக் படிக்கும்போது 17 வயதில் கஞ்சா தொடங்கி, அப்புறம் குடி. நடுவில் சில மாதம் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகவும் போட்டிருக்கிறான். போன வருடம் ஒரு மையத்தில் சேர்த்தோம். வெளியே வந்த மூன்றாவது வாரமே மறுபடி ஆரம்பித்துவிட்டான். இப்போது இரண்டாவது முறை சேர்த்து இரண்டு மாதம் முடியப்போகிறது. நன்றாகத் தெளிவாக இருக்கிறான். ஆனால் அங்கிருக்கும் கவுன்சிலர், நேராக வீட்டுக்குக் கூட்டிப் போகாமல் ஆறு மாதம் ஒரு ஹாஃப்வே ஹோமில், அதாவது மையத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் தங்குகிற இல்லத்தில் வையுங்கள் என்கிறார். அப்பாவுக்கு இது பணம் பிடுங்கும் வேலையாகப் படுகிறது. வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு, ஒரு கல்யாணமும் ஆகிவிட்டால் சரியாகிவிடுவான் என்கிறார் அம்மா. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: கவுன்சிலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அப்பாவின் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் ஹாஃப்வே ஹோம் என்று பலகை மாட்டிய இடமெல்லாம் ஹாஃப்வே ஹோம் ஆகிவிடாது. அம்மாவின் யோசனையை மட்டும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த மூன்றாவது வாரம். மையத்தில் இருந்தபோது உங்கள் தம்பி சொந்தமாக எடுக்க வேண்டிய முடிவு ஒரு நாளைக்கு எத்தனை இருந்திருக்கும்? காலையில் எழுப்பிவிட ஆள், சாப்பாட்டுக்கு மணி, கையில் காசு கிடையாது, போன் கிடையாது, கேட்டில் பூட்டு. வேண்டாம் என்று சொல்ல வேண்டிய சந்தர்ப்பமே அங்கே வரவில்லை. வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலமே எல்லாம் மொத்தமாக வந்து சேர்கிறது: பழைய போன், அதில் பழைய நம்பர்கள், வண்டிச் சாவி, அம்மா யாருக்கும் தெரியாமல் கொடுக்கும் இருநூறு ரூபாய், தெருமுனையில் அதே நாலு பேர். டாஸ்மாக் கடை மதியம் 12 மணிக்குத் திறந்தால் ராத்திரி 10 வரைக்கும் இருக்கும். அதுவரை பூட்டுக்குள் இருந்தவனிடம் ஒரே நாளில் எல்லாச் சாவியையும் கொடுத்து, இனி உன் பொறுப்பு என்றால் மூன்று வாரம் தாக்குப்பிடித்ததே பெரிது.

சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களை எல்லோரும் பார்த்திருப்போம். வருடம் முழுக்கக் குடிக்கிறவர் அந்த 48 நாள் ஒரு சொட்டுத் தொடமாட்டார். (தினமும் நிறையக் குடிக்கிறவர் இப்படித் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், டாக்டரைப் பார்க்காமல் செய்யக் கூடாது. அது தனி விஷயம்.) கறுப்பு வேட்டி, விடிகாலைக் குளியல், கூடவே மாலை போட்ட நண்பர்கள், கடைக்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை ‘சாமி’ என்று கூப்பிடும் மரியாதை. மலையிலிருந்து வந்து மாலையைக் கழற்றிய அன்றே சிலர் கடை வாசலில் நிற்பார்கள். அவர் 48 நாள் நடித்தார் என்று சொல்ல முடியுமா? முடியாது. அவரைச் சுற்றி இருந்த ஏற்பாடு அவரைத் தாங்கியது, அது ஒரே நாளில் காணாமல் போய்விட்டது. நல்ல ஹாஃப்வே ஹோம் செய்வதெல்லாம் இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றுவதுதான். ஒவ்வொரு சாவியாக அவனிடம் திருப்பிக் கொடுக்கிற இடம் அது. நீங்கள் பார்க்கப்போகும் எந்த இல்லத்தையும் இந்த ஒன்றை வைத்தே எடை போடலாம்.

உடம்பும் இதற்கு நேரம் கேட்கும். குடியை நிறுத்தியதும் வரும் கை நடுக்கம், வியர்வை எல்லாம் பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் அடங்கிவிடும். தூக்கம் சரியாக வராதது, காரணமில்லாத எரிச்சல், எதிலும் மனம் ஒட்டாதது, திடீரென்று கிளம்பும் ஆசை, இவை மாதக்கணக்கில் வந்து வந்து போகும். அவசரத்தைக் கட்டுப்படுத்தி, பின்விளைவை யோசிக்கிற மூளையின் முன்பகுதி முழுசாக முதிர்வதே இருபதுகளின் நடுவில்தான். அந்தக் காலத்தைத்தான் உங்கள் தம்பி போதையில் கழித்திருக்கிறான்.

இன்னொன்றும் இருக்கிறது. 45 வயதில் சிகிச்சைக்கு வருகிறவருக்குத் திரும்பிப் போக ஏதோ ஒன்று மிச்சம் இருக்கும்: தெரிந்த தொழில், மனைவி, பிள்ளைகள், கொஞ்சம் நல்ல பெயர். 17 வயதில் தொடங்கியவனுக்குப் பழைய நல்ல வாழ்க்கை என்று ஒன்று பெரிதாக இல்லை. போதைக்கு முன்னால் அவன் பள்ளிக்கூடப் பையன். அலாரம் வைத்து எழுந்து வேலைக்குப் போவது, சம்பளத்தை மாதக் கடைசி வரை இழுப்பது, ஒருவனோடு சண்டை போட்டுவிட்டு மறுநாள் அவனோடு ஒரே மேசையில் சாப்பிடுவது, இதையெல்லாம் அவன் புதிதாகத்தான் கற்க வேண்டும். வீட்டில் இது நடக்காது. அங்கே அவன் தட்டைக் கழுவ ஆள் இருக்கிறது.

ஊசி போட்டதாகச் சொன்னீர்கள். இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். அந்த வலி மாத்திரைகள் பெரும்பாலும் ஓபியாய்டு வகை, அதாவது அபின் போல வேலை செய்கிறவை. தொடர்ந்து போடும்போது உடம்பு அதற்குப் பழகி, அளவு ஏறிக்கொண்டே போகும். இரண்டு மாதம் நிறுத்தினால் அந்தப் பழக்கம் உடம்பை விட்டுப் போய்விடும். வெளியே வந்து ஒரு நாள் பழைய அளவையே போட்டால் மூச்சு நின்று உயிர் போகலாம். மையத்திலிருந்து வெளியே வந்த முதல் சில வாரங்கள்தான் இந்த விஷயத்தில் மிக ஆபத்தானவை. இதை உங்கள் தம்பியிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுங்கள். சொன்னால் ஆசை வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். டாக்டர் அவனுக்கு புப்ரனார்ஃபின் போல, அந்த ஆசையை அடக்கும் மருந்து எழுதியிருந்தால், நீங்கள் பார்க்கும் இல்லம் அதைத் தொடர விடுமா என்று முதலிலேயே கேளுங்கள். மாத்திரை சாப்பிட்டால் அதுவும் போதைதான் என்று மருந்தை நிறுத்தச் சொல்கிற இடங்கள் உண்டு. அங்கே சேர்க்கவே வேண்டாம்.

சரி, நல்ல இல்லம் எப்படி இருக்கும்? பார்க்க ஒன்றுமே இருக்காது. ஏதோ ஒரு நகரில் வாடகை வீடு, எட்டுப் பத்துப் பையன்கள், ஒரு பொறுப்பாளர். அவரே பல வருடம் முன்பு குடியை விட்டவராக இருந்தால் இன்னும் நல்லது, பையன்கள் கதை விட்டால் கண்டுபிடித்துவிடுவார். முதல் ஒன்றிரண்டு வாரம் தனியாக வெளியே விடமாட்டார்கள். அப்புறம் ஒருவர் துணையோடு கடைக்கு, ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுவது) கூட்டத்துக்கு. அடுத்து பகல் வேலை. அதற்கடுத்து ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புவது, பிறகு ஓர் இரவு தங்கிவருவது. சமையல், பாத்ரூம் கழுவுவது, காய்கறி வாங்குவது எல்லாம் முறை போட்டு. சாம்பாரில் உப்பு இல்லை என்று சண்டை வரும், அதை அன்றைக்கே பேசித் தீர்க்க வேண்டும் என்பது விதி. எட்டு மாத்திரைக்கும் நாலு குவார்ட்டருக்கும் பின்னால் ஒளிந்து பழகியவனுக்கு, முகத்துக்கு நேராக ஒருவன் கோபப்பட்டால் நின்று பேசுவதுதான் பெரிய பயிற்சி.

ராத்திரி எட்டு மணி போல எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். இன்று எந்த நேரத்தில் ஆசை வந்தது, என்ன செய்தாய், அவ்வளவுதான் கேள்வி. பதில்கள் அற்பமாகத் தெரியும். ஒருவனுக்குப் பஸ் ஸ்டாப்பில் யாரோ போட்டுவிட்டுப் போன பிளாஸ்டிக் டம்ளரும் ஊறுகாய் பாக்கெட்டும் கண்ணில் பட்டதே போதும், வாயில் எச்சில் ஊறியிருக்கும். இன்னொருவனுக்கு மழை. மற்றொருவனுக்கு அப்பாவின் போன். இப்படி வெளியே சொன்ன ஆசைக்குப் பாதி வேகம் போய்விடுகிறது. சொல்லாமல் மறைத்தவன்தான் இரண்டு நாள் கழித்து லேட்டாக வருவான்.

சம்பள நாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எந்த இல்லத்துக்குப் போனாலும் இதைக் கேட்டுப் பாருங்கள்: முதல் சம்பளம் வாங்குகிற அன்று என்ன செய்வீர்கள்? அனுபவம் உள்ள பொறுப்பாளர் உடனே சொல்வார். ஒரு வாரம் முன்னாலிருந்தே பேச்சு ஆரம்பித்துவிடும். கூட வேலை செய்கிறவர்கள், ‘மச்சி, டிரீட் எப்போ?’ என்று கேட்பார்கள், ‘ஒரே ஒரு பீர்தான்டா’ என்பார்கள். அதற்கு என்ன சொல்வாய் என்று மற்றவர்கள் முன்னால் சொல்லிப் பார்க்கச் சொல்வார்கள். ஒருவன் மஞ்சள் காமாலை வந்தது என்பான், ஒருவன் கோயிலுக்கு வேண்டுதல் என்பான், தைரியமானவன் எனக்கு ஒத்துக்கொள்ளாது, விட்டுவிட்டேன் என்பான். எதுவானாலும் சரி, வார்த்தை முதலிலேயே தயாராக இருக்க வேண்டும். பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வரும்படி ஏற்பாடு, அதில் வீட்டு வாடகைப் பங்கு, சேமிப்பு, அம்மாவுக்கு ஒரு தொகை, கைச்செலவுக்கு மிச்சம். கணக்கு அவன் கையாலேயே நோட்டில். மூன்றாவது மாதம் ஏடிஎம் கார்டு அவனிடமே வந்துவிட வேண்டும். ஆறு மாதம் முழுக்கக் கார்டைப் பொறுப்பாளரே வைத்திருக்கும் இல்லம் அவனுக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை.

வேலை என்றதும் பலர் உணவு டெலிவரிக்குப் போய்விடுகிறார்கள். சுலபமாகக் கிடைக்கும், வண்டி இருந்தால் போதும். முதல் வேலையாக அது வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். ராத்திரி வேலை, தனியாக அலைச்சல், யாரும் கவனிக்காத நேரங்கள், அடிக்கடி கைக்கு வரும் பணம். சம்பளம் குறைந்தாலும் காலை ஒன்பதரைக்கு ஒரு கடையில் போய் நின்று, வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று கேட்கும் முதலாளி இருக்கிற வேலை ஆறு மாதத்துக்கு நல்லது.

இதெல்லாம் உண்மையில் பலன் தருமா என்று அப்பா கேட்பார். கேட்கட்டும். இந்த விஷயத்தில் நன்றாக ஆராயப்பட்ட ஓர் ஏற்பாடு அமெரிக்காவில் இருக்கிறது. 1975-இல் மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங் ஊரில், அரசு நடத்திவந்த ஒரு ஹாஃப்வே ஹவுஸை மூடப்போவதாகச் சொன்னார்கள். அங்கே தங்கியிருந்த பால் மொல்லாய் என்ற வக்கீலும் மற்றவர்களும், நாமே வாடகை கொடுத்து நடத்திக்கொள்வோம் என்று வீட்டை எடுத்துக்கொண்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ் என்று பெயர் வைத்தார்கள். அதில் வார்டன் கிடையாது, டாக்டர் கிடையாது. குடியிருப்பவர்களே தங்களுக்குள் தலைவரையும் பொருளாளரையும் தேர்ந்தெடுப்பார்கள், ஒருவரே நிரந்தரமாகப் பதவியில் உட்கார முடியாது. செலவைச் சமமாகப் பங்கு போடுவார்கள். புதிதாக ஒருவர் வர 80 சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும். யாராவது குடித்தாலோ போதை எடுத்தாலோ உடனே வெளியேற வேண்டும். ஒழுங்காக இருந்து வாடகை கட்டினால் எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கலாம். அக்கம்பக்கத்து எதிர்ப்பெல்லாம் தாண்டி இன்று ஆயிரக்கணக்கான வீடுகளாக வளர்ந்திருக்கிறது.

சிகாகோவின் டீபால் பல்கலைக்கழகத்தில் லெனார்ட் ஜேசன் என்ற உளவியலாளரின் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. சிகிச்சை முடித்த 150 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேரை ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸுக்கும், மீதிப் பேரை வழக்கமான தொடர் சிகிச்சைக்கும் அனுப்பினார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான வழியில் போனவர்களில் 64.8 சதவீதம் பேர் மறுபடி மது அல்லது போதையைத் தொட்டிருந்தார்கள்; ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ்காரர்களில் 31.3 சதவீதம். அவர்களுடைய மாத வருமானமும் கூடியிருந்தது. உங்களுக்கு முக்கியமான தகவல் அதே ஆராய்ச்சியில் இன்னொன்று இருக்கிறது: வயதில் இளையவர்களிடம் ஆறு மாதமோ அதற்கு மேலோ தங்கியவர்களுக்கே பலன் நன்றாகத் தெரிந்தது. உங்கள் கவுன்சிலர் ஆறு மாதம் என்றது சும்மா சொன்ன கணக்கு இல்லை. அதே சமயம், அங்கேயும் மூன்றில் ஒருவர் போலச் சறுக்கியிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். யாராவது உங்களிடம் நூறு சதவீதம் குணம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி அப்பாவின் சந்தேகம். நம்மூரில் பெரும்பாலும் மறுவாழ்வு மையம் நடத்துகிறவர்களே மாடியிலோ பக்கத்துத் தெருவிலோ ஓர் இடம் வைத்து ஹாஃப்வே ஹோம் என்கிறார்கள். சில இடங்களில் அது நிஜமாகவே இடைப்பட்ட படி. சில இடங்களில் அதே பூட்டு, அதே கேட், கட்டணம் மட்டும் புதுசு. போய்ப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். போனால், சொல்லாமல் கொள்ளாமல் சாயங்காலம் ஆறு மணிக்குப் போங்கள். அந்த நேரத்தில் பையன்கள் வேலை முடிந்து ஒவ்வொருவராகத் திரும்பி வந்துகொண்டிருந்தால் நல்ல அறிகுறி. எல்லோரும் பகல் முழுக்க உள்ளேயே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தால், அப்பா சொன்னது சரி.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மது, போதைப் பழக்கத்தோடு வரும் மனநலப் பாதிப்புகளும் மனநோய் என்ற வரையறைக்குள் வருகின்றன. இவர்களை வைத்துச் சிகிச்சை தருகிற நிலையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. சங்கிலியால் கட்டுவது, தனி அறையில் அடைப்பது, கட்டாயமாக மொட்டை அடிப்பது, சம்பளமில்லாமல் கட்டாய வேலை வாங்குவது எல்லாம் அதே சட்டத்தில் தடை செய்யப்பட்டவை. அவரவர் முறைக்குத் தட்டுக் கழுவுவது வேறு, உரிமையாளர் வீட்டுக்குக் கல் சுமக்க வைப்பது வேறு. தம்பியோடு தனியாகப் பேச விடாத இடம் என்றால் அங்கேயே முடிவு செய்துவிடலாம்.

கட்டணத்தில் எது எது அடக்கம், நடுவில் அவன் வெளியேறினால் முன்பணம் திரும்புமா, மருந்துச் செலவு யார் தலையில், எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். அவன் அங்கே சறுக்கிவிட்டால் என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள். ராத்திரி பத்து மணிக்கு ரோட்டில் நிறுத்துவோம் என்பதும் தவறு, அடித்துத் திருத்துவோம் என்பதும் தவறு. டாக்டரிடம் காட்டிவிட்டு, குடும்பத்துக்குச் சொல்லி, அடுத்து எங்கே என்று வழி வைத்திருக்க வேண்டும். சிறுநீர்ச் சோதனை செய்வார்கள், நல்லதுதான். ஆனால் நிறையக் கஞ்சா பிடித்தவருக்கு நிறுத்திப் பல வாரம் கழித்தும் அது சோதனையில் காட்டும் என்பது தெரியாத பொறுப்பாளர்கள் உண்டு, பையனைத் திருடன் போல நடத்துவார்கள்.

வசதி இல்லை என்றால் மாநில அரசு மருத்துவமனைகளில் போதை மீட்புப் பிரிவுகள் இருக்கின்றன. 2025-இல் ‘கலங்கரை’ என்ற பெயரில் புதிய மையங்களையும் தொடங்கினார்கள். 14446 என்ற தேசிய இலவச எண்ணில் உங்கள் மாவட்டத்தில் எது இருக்கிறது என்று கேட்கலாம். ஏ.ஏ. கூட்டங்களுக்குக் கட்டணமே கிடையாது.

அவன் அங்கே இருக்கும் ஆறு மாதத்தில் வீட்டிலும் வேலை இருக்கிறது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கி, டி.டி.கே. மருத்துவமனையாக வளர்ந்த போதை மீட்பு அமைப்பு ஆரம்பத்திலிருந்தே குடும்பத்தையும் சேர்த்துச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தது சும்மா இல்லை. குடிக்கிறவரின் குடும்பத்தினருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் நடக்கின்றன, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். ரகசியமாகப் பணம் கொடுத்ததை அவர் அங்கே தானாகவே சொல்லிவிடுவார், நீங்கள் குற்றம் சாட்ட வேண்டியிருக்காது. சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடி நின்றுவிடும் என்று விற்கும் பொடிகளை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள். அதில் டைசல்ஃபிராம் (குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மருந்து) இருந்து, தெரியாமல் அவன் குடித்தால், முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். டைசல்ஃபிராம் நல்ல மருந்துதான். சாப்பிடுகிறவனுக்குத் தெரிந்து, டாக்டர் சொல்லி, சாப்பிட வேண்டும்.

கல்யாணம். வேண்டாம் என்று சொல்லவில்லை, இப்போது வேண்டாம். ஏ.ஏ.-யில் பழையவர்கள் முதல் ஒரு வருடம் புது உறவு எதுவும் வேண்டாம் என்று சொல்வது வழக்கம். தன் தூக்கத்தையும் சம்பளத்தையுமே இன்னும் பிடிக்குள் கொண்டுவராதவனிடம் இன்னொருத்தியின் வாழ்க்கையையும் கொடுக்கிறீர்கள். விஷயத்தை மறைத்துப் பெண் எடுத்தால் அந்தப் பெண்ணுக்கு வேலை மனைவி இல்லை, வார்டன். உங்கள் அம்மாவிடம் இதை நீங்கள் ஓர் அக்காவாகச் சொல்லலாம்: எனக்கு இப்படி ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தால் சம்மதித்திருப்பாயா?

கடைசியாக, இதில் உங்கள் தம்பி என்ன சொல்கிறான் என்று நீங்கள் எழுதவே இல்லை. 23 வயது ஆளை அவன் விருப்பமில்லாமல் ஹாஃப்வே ஹோமில் வைத்தால் அது மறுபடியும் பூட்டுதான். இரண்டு மூன்று இடத்தைக் காட்டி அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். முடியவே முடியாது, வீட்டுக்குத்தான் வருவேன் என்றால், மையத்தை விட்டுக் கிளம்பும் முன்பே கவுன்சிலர் முன்னிலையில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: முதல் மாதம் பணம் யாரிடம், பழைய சிம் என்ன ஆகிறது, எந்தக் கிழமை எந்தக் கூட்டம், டாக்டரைப் பார்க்கும் தேதி, ராத்திரி எத்தனை மணிக்குள் வீடு. அதோடு, மறுபடி தொட்டால் எந்த இல்லத்தில் சேர்வேன் என்று அவன் கையெழுத்தில் ஒரு வரி. பெயரும் முகவரியும் அதிலேயே இருக்கட்டும். அன்றைக்கு ராத்திரி இடம் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.